கியர்பாக்ஸுக்கு ஒரு கைப்பிடிப் பொரி

சுடலைக்கண்ணன் என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்டால் தாராவியில் ஒருவருக்கும் வழி தெரியாது. தொண்ணூறடி ரோட்டில் டாக்சி நிறுத்துகிறவர்களுக்கு அவர் கியர்பாக்ஸ் கண்ணன். மனைவி மாரிசெல்விக்கு மட்டும் வாய்க் கண்ணன். இரண்டு பெயருமே அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுதான். கையை வண்டிக்குள் விட்டால் வேலை நடக்கும், வாயைத் திறந்தால் எதிரில் நிற்கிறவர் மானம் கப்பலேறும். கை ஓயும் நேரம் உண்டு. வாய் ஓய்ந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கராஜ் என்று அவர் சொல்லிக்கொள்ளும் இடம், ஒரு தகரக் கூரையும் அதன்கீழ் ஒரு டாக்சியும், அந்த டாக்சியின்கீழ் அவருமாக இருக்கும். இரண்டாவது வண்டி வந்தால் அது ரோட்டில்தான் நிற்கவேண்டும். அதைப் பற்றி முனிசிபாலிட்டிக்கும் அவருக்கும் நெடுநாளாக ஒரு பேச்சுவார்த்தை போய்க்கொண்டிருக்கிறது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை கியர்பாக்ஸில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு டிரைவரைப் பார்த்து, "மூணாவது கியர் முனகுது. உம்ம பொண்டாட்டி மாதிரி அதுவும் ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்திருக்கும், நீருதான் காதுல வாங்கல" என்பார். டிரைவர் சிரிப்பார். சிரிக்காவிட்டால் வண்டி சரியாகாது என்று ஒரு நம்பிக்கை.

இவ்வளவு தெரிந்தவர் வண்டி ஓட்டுவதில் மட்டும் கொஞ்சம் அப்படி இப்படித்தான். மாரிசெல்வி ஒரே ஒரு தடவை அவர் ஓட்டிய வண்டியில் மாட்டுங்கா வரைக்கும் போனாள். திரும்பும்போது ரயிலில் வந்தாள்.

அவருக்குப் பிடிக்காதது ஆட்டோமேட்டிக் வண்டி. "அது வண்டியா? லிப்ட்டு. உள்ள போயி பட்டன அமுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்" என்பார். ஆனால் காலம் யாரைக் கேட்டுக்கொண்டு மாறுகிறது? க்ளட்ச் மிதித்து முட்டி தேய்ந்தவர்கள் ஒவ்வொருவராக ஆட்டோமேட்டிக்குக்கு மாறினார்கள். அவர்களும் கண்ணனிடம்தான் வந்தார்கள். அவரும் திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டார்.

அப்படி மாறியவர்களில் ஒருவர்தான் இன்னாசிமுத்து. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஆயுசு முழுக்க ஒரு கம்பெனியின் பெரிய அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு பம்பாய் முழுவதும் சுற்றியவர். பின் ஸீட்டில் இருப்பவர் பேப்பர் படித்தால் எழுத்து ஆடாது, அப்படி ஓட்டுவார். ஓய்வு பெற்று தேவ்நாரில் ஒரு அடுக்குமாடி சொசைட்டியில் மனைவி சவரியம்மாளோடு குடியிருந்தார். இடது முட்டி ஒத்துழைக்காமல் போனபோது டாக்டர் க்ளட்ச்சைத் தொடக்கூடாது என்றுவிட்டார். வீட்டில் மூலையில் முடங்கிப்போனார் மனிதர். மகன் ஜோன்ஸ்தான், பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தான். எந்த கியர் என்று டாஷ்போர்டில் காட்டும் விளக்கு செத்துப்போயிருந்ததைத் தவிர அதில் குறையொன்றும் இல்லை.

அதற்குப் பிறகு புதன்கிழமை தவறாமல் சவரியம்மாளை மாஹிம் மாதா கோயிலுக்கு அவரே ஓட்டிக்கொண்டு போவார், வருவார். மற்ற நாளெல்லாம் கார் சொசைட்டிக் காம்பவுண்டில் உறைபோட்டு நிற்கும். ஆனால் அந்தப் புதன்கிழமைக்காக அவர் திங்கட்கிழமையே கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

ஒரு பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அந்தக் காலத்து டிரைவர்கள் சாவியைத் திருப்புமுன் கியர் ராடை இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார்கள், நியூட்ரலில் இருக்கிறதா என்று. சிக்னலில் நின்றாலும் நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார்கள். ஆட்டோமேட்டிக்கில் இதெல்லாம் வேண்டாத வேலை. ஆனாலும் இன்னாசிமுத்துவின் கை கேட்காது. பிரேக்கில் காலை வைத்தவுடனே ராடை ஆட்டிக்கொண்டிருக்கும். கண்ணன் அதை வைத்து அவரைச் செய்யாத கிண்டல் இல்லை.

இனி கண்ணனின் ஆயுத பூஜையைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். தாராவியில் எல்லா கராஜிலும் அன்றைக்கு வண்டி கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பொரி, கடலை, வெல்லம் தட்டில் வைத்துப் படைப்பார்கள். கண்ணன் மட்டும் தட்டோடு நிற்கமாட்டார். பானட்டைத் திறந்து, ஒவ்வொரு வண்டியின் கியர்பாக்ஸ் மேலும் ஒரு கைப்பிடிப் பொரியும் ஒரு துண்டு வெல்லமும் வைப்பார். "நமக்குச் சோறு போடுதது அதுதான். அதுக்கு மொதல்ல போடணும்" என்பது அவர் கட்சி. டாக்சிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். இன்னாசிமுத்துவும் தன் காரைக் கொண்டுவந்து வரிசையில் விடுவார். கண்ணாடியில் ஜெபமாலை ஆடிக்கொண்டிருக்கும், பானட்டில் சந்தனம் இருக்கும். கார் இரண்டையும் வாங்கிக்கொண்டு கம்மென்று நிற்கும்.

அந்த வருஷமும் பூஜை நன்றாகவே நடந்தது. சில வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலையில் இன்னாசிமுத்துவின் போன் வந்தது.

"கண்ணா, வண்டி நகர மாட்டக்கு. இஞ்சின் ஓடுது. டி போட்டாலும் முன்ன போகல, ஆர் போட்டாலும் பின்ன போகல. தள்ளிப் பாத்தேன், கல்லு மாதிரி நிக்கி. நேத்து மாஹிம் போயிட்டு வரும்போதுகூட நல்லாத்தான் இருந்துச்சு."

கண்ணன் அப்போது ஒரு டாக்சிக்கு அடியில் இருந்தார். சுற்றி நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆட்கள் நின்றால் அவருக்கு வாய் நீளும்.

"அண்ணாச்சி, சிக்னலுக்கு சிக்னல் அந்த ராட போட்டு ஆட்டுனா அது என்னதான் செய்யும்? எத்தன மட்டம் சொல்லிட்டேன். வண்டி மாறிட்டு, உங்க புத்தி இன்னும் கம்பெனி வண்டியிலயே கெடக்கு. கியர்பாக்ஸ் போச்சுன்னு வச்சுக்கிடுங்க."

நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு போன் வழியாக அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். பிறகு "அப்படியா" என்று ஒரு சொல் வந்தது, அவ்வளவுதான். கண்ணனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சவரியம்மாள் கூப்பிட்டாள். அவள் கண்ணனுக்குப் போன் பண்ணுவது அதுதான் முதல் தடவை.

"தம்பி, ஜோன்ஸு ஞாயித்துக்கெழம பங்கார்காரன கூட்டிட்டு வாரானாம். கியர்பாக்ஸ் போயிட்டாமே, மாத்துத செலவுக்கு வண்டியவே தள்ளிரலாங்கான்."

"அண்ணாச்சி என்ன சொல்லுதாவ?"

"சரி, கொண்டு போன்னுட்டாவ. சண்ட போடுவாவன்னு நெனச்சேன் தம்பி. ஒரு வார்த்த சொல்லல. நேத்துலேர்ந்து சரியா சாப்பிடவும் இல்ல. எனக்கு அதான் பயமா இருக்கு."

காரைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார்கள், அந்த மனிதர் சரி என்கிறார். கண்ணனுக்கு வியாழக்கிழமை தான் போனில் சொன்னதும், மற்றவர்கள் சிரித்ததும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வண்டியைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லியிருக்கிறோமே என்று உறைத்தது. அன்றைக்கு மத்தியானம் மாரிசெல்வி வைத்த மீன்குழம்பை அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டதைப் பார்த்து அவளே பயந்துபோனாள்.

சனிக்கிழமை காலையில் பக்கத்து கராஜ் தௌசீப்பின் இழுவை வண்டியில் தேவ்நார் போனார். தௌசீப் உத்தரப் பிரதேசத்துக்காரன், தாராவித் தமிழ் பேசுவான். போனதுமே காரைப் பின்னாலிருந்து கொக்கி போட்டு இழுத்துப் பார்த்தான். முன்சக்கரம் இரண்டும் உருள மறுத்துத் தரையில் தேய்ந்தன.

"சக்கரமே சுத்தலியே பாய். ராடு நியூட்ரல்ல இருக்கு, அப்பவும் சுத்தல. உள்ள ஜாம். பாக்ஸ் கத்தம், முடிஞ்சுது" என்று உதட்டைப் பிதுக்கினான்.

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒருமுறை பார்க்காமல் பேசிப் பட்டாயிற்று. கண்ணன் பானட்டைத் திறந்து கியர் ஆயில் குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தார். ஆயில் நல்ல சிவப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். உள்ளே தட்டுகள் எரிந்துபோன கியர்பாக்ஸ் என்றால் ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை மூக்கைத் துளைக்கும். இதில் ஒன்றும் இல்லை. கீழே குனிந்து பார்த்தார், ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. புதன்கிழமைவரை ஒழுங்காக ஓடிய கியர்பாக்ஸ், சத்தமில்லாமல், சூடேறாமல், நின்ற இடத்திலேயே ஒரே ராத்திரியில் எப்படிச் சாகும்? காய்ச்சல்கூட இல்லாமல் ஒருவர் செத்துப்போனார் என்றால் டாக்டர் நம்புவாரா?

"அண்ணாச்சி, கீழ வாங்க" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

இன்னாசிமுத்து வந்தார். மூன்று நாள் தாடி. ஷேவ் செய்யாமல் அவரைக் கண்ணன் பார்த்ததே கிடையாது.

"வண்டியில உக்காருங்க. வியாழக்கெழம காலையில என்னெல்லாம் செஞ்சியளோ, அப்படியே இப்ப செஞ்சு காட்டுங்க."

"என்னத்தச் செஞ்சேன், எல்லாம் வழக்கமா செய்யுததுதான்" என்றபடி ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். பிரேக்கில் காலை வைத்தார். கை தானாக ராடுக்குப் போய் இரண்டு ஆட்டு ஆட்டியது. கண்ணனின் பார்வை அங்கேயே இருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டு அவசரமாகக் கையை எடுத்தார். எடுத்த வேகத்தில் சாவியைத் திருப்பினார். இஞ்சின் பிடித்தது.

கண்ணன் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். ராடு டி-யில் நின்றிருந்தது.

"பாத்தியா கண்ணா. பி-யில போடாமலே சாவியத் திருப்பிட்டேன். மறந்து போயிருதேன்" என்று இன்னாசிமுத்து சின்னக் குரலில் சொன்னார்.

கண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் மனம் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர்பாக்ஸ் பி-யிலோ நியூட்ரலான என்-னிலோ இருந்தால்தான் இஞ்சின் பிடிக்கும். டி-யில் வைத்துச் சாவியைத் திருப்பினால் முக்கக்கூடச் செய்யாது. ஓடிவிடாமல் இருக்க அப்படி ஒரு பூட்டு. இந்த வண்டி டி-யில் பிடித்துவிட்டது. அப்படியென்றால் மேலே ராடு டி-யில் இருந்தாலும் கீழே கியர்பாக்ஸ் இன்னும் பி-யிலேயே உட்கார்ந்திருக்கிறது. பி என்றால் நிறுத்திவைக்கும் பூட்டு. அதனால்தான் சக்கரம் உருளவில்லை. ராடு சொல்லுவது கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேரவில்லை, விஷயம் அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, இஞ்சின நிறுத்துங்க" என்றார். அவர் குரலில் உற்சாகம் வந்துவிட்டது. ஏர்பில்டர் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தார். அதன் அடியில், கியர்பாக்ஸ் தலைமேல், ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. ராடிலிருந்து வரும் கேபிளின் முனை அதில் மாட்டியிருக்கும். மாட்டியிருக்கவேண்டும். இப்போது கேபிள் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முனையில் அதைப் பிடித்துக்கொள்ளும் ரப்பர் புஷ் பாதிக்குமேல் இல்லை. கையால் நெம்புகோலை என்-னுக்குத் தள்ளினார். காரின் முகப்பில் ஒரு கையை வைத்து மெல்லத் தள்ளினார். தௌசீப்பின் கொக்கிக்கு மசியாத கார், நல்ல பிள்ளையாகப் பின்னால் உருண்டது.

"அரே வாஹ்" என்றான் தௌசீப்.

கண்ணன் வாயைத் திறந்தார். டாக்சி ஸ்டாண்டில் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரிக்கிற மாதிரி ஒரு வசனம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அந்த ரப்பர் புஷ்ஷைக் குனிந்து சரியாகப் பார்த்தார். அது தேய்ந்துபோகவில்லை. எதுவோ கடித்திருந்தது. பல் தடம் வரிவரியாகத் தெரிந்தது. நெம்புகோலைச் சுற்றி வெல்லம் உருகிக் கறுப்பாகப் பிசுபிசுத்தது. பக்கத்துச் சந்தில் ஏழெட்டுப் பொரியும், பொரிக்கு நடுவே எலிப் புழுக்கையும் கிடந்தன.

எலிகளுக்குப் பம்பாயில் பஞ்சமா? டாக்சி கியர்பாக்ஸ் மேலும் இதே பொரிதான், இதே வெல்லம்தான். ஆனால் டாக்சி இரவும் பகலும் ஓடுகிறது. பொரி காற்றில் பறந்துவிடும், எலிக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடையாது. இன்னாசிமுத்துவின் கார் வாரத்தில் ஒரு நாள் ஓடி, மற்ற நாளெல்லாம் உறைக்குள் நிற்கிறது. உருகின வெல்லம் புஷ்ஷில் ஊறியிருக்கிறது. இதைவிட ஒரு எலிக்கு என்ன வேண்டும்? சாப்பாடு, கூரை, போர்வை மூன்றையும் ஏற்பாடு செய்து கொடுத்தவர் சாட்சாத் கியர்பாக்ஸ் கண்ணன்.

"என்ன கண்ணா? என்ன ஆச்சு?" என்று இன்னாசிமுத்து உள்ளிருந்து கேட்டார்.

கண்ணன் பொரியையும் மற்றதையும் துணியில் வழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை.

"கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கேபிள் புஷ்ஷு தேஞ்சு போச்சு. பழைய வண்டில்லா. நாளைக்குப் புதுக் கேபிளு போட்டுருதேன்."

மனிதர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தார். இன்னாசிமுத்து தலையை மட்டும் ஆட்டினார்.

"தேஞ்சு போச்சா. ஆட்டி ஆட்டி நான்தான் தேச்சிருப்பேன். நீ அன்னைக்கே சொன்ன. சரி, சரியாக்கிக் குடு. ஓடுத வண்டியாக் குடுத்தா வாங்குதவனுக்காவது உபயோகப்படும்."

"எதுக்குக் குடுக்கணும்? அதான் சரியாயிருமே."

"வண்டி சரியாயிரும் கண்ணா" என்று சொல்லிவிட்டு அவர் படியேறிப் போனார். இடது காலை ஒவ்வொரு படியிலும் நிறுத்தி நிறுத்தி ஏறினார்.

கண்ணன் குர்லாவில் கேபிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். மாரிசெல்விக்குத் துவைக்குமுன் சட்டைப்பையைத் துழாவுவது வழக்கம். வெளியே வந்தால் அவள் துணியை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"இது என்னது? சட்டைப்பையில எலிப் புழுக்கைய வச்சிட்டு அலையுதிய?"

வேறு வழியில்லாமல் சொன்னார். கேட்டு முடிக்கும்முன்பே அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சிரித்துச் சிரித்து, அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க கியர்பாக்ஸுக்குப் படச்ச பொரிய எலி தின்னுட்டு, கியர்பாக்ஸையும் சேத்துத் திங்கப் பாத்துருக்கு. அவியகிட்ட இதச் சொன்னியளா?"

"சொல்லல. புஷ்ஷு தேஞ்சிட்டுன்னேன்."

அவள் சிரிப்பு நின்றது. "அதுக்கு அண்ணாச்சி என்ன சொன்னாவ?"

"நான்தான் ஆட்டித் தேச்சிருப்பேன்னாவ."

"வித்துரப் போறாவளா?"

கண்ணன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். தலை எப்போதோ காய்ந்துவிட்டது.

"டாக்சிக்காரனுவ காதுக்குப் போச்சுன்னா என்னாகும் தெரியுமா?" என்றார். "ஆயுசுக்கும் எலிக் கண்ணன்னுதான் கூப்பிடுவானுவ. நான் இத்தன பேரக் கிண்டலடிச்சிருக்கேன், ஒருத்தன் விடமாட்டான்."

"கூப்பிட்டா கூப்பிடட்டும். போன்ல அந்த மனுசர நாலு பேரு சிரிக்கச் சொல்லத் தெரிஞ்சுதுல்லா? அதே வாயால இதயும் சொல்லிட்டு வாங்க" என்றாள் மாரிசெல்வி. துணியை மடித்து, பொரியும் புழுக்கையுமாக, புதுக் கேபிள் இருந்த பைக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேபிளை மாற்ற அதிக நேரம் ஆகவில்லை. கியர்பாக்ஸ் தலையைப் பெட்ரோல் போட்டுத் துடைத்து வெல்லத்தின் தடமே இல்லாமல் எடுத்தார். ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். டி-யில் போட்டதும் இஞ்சின் லேசாக அமிழ்ந்து கார் முன்னால் நகரப் பார்த்தது. அந்தச் சின்ன அமிழல் அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. லிப்ட்டு என்று திட்டிய வண்டிதான். பரவாயில்லை, உயிர் இருக்கிறது.

கோயிலில் பூசை முடிந்து இன்னாசிமுத்துவும் சவரியம்மாளும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே, தான் குடியிருக்கும் சான்பாடாவிலிருந்து ஜோன்ஸும் வந்து சேர்ந்தான். பங்கார்காரன் வந்துகொண்டிருக்கிறான் என்றான். கண்ணன் வண்டி ஓடுகிறது என்று சொன்னதும் அவன் முகத்தில் பெரிய மாற்றம் இல்லை.

"பாத் ரிப்பேர் கி நஹி ஹை அண்ணா, ரிப்பேர் இல்ல மேட்டரு" என்று அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். "அப்பா மழைக்கால டைம்ல கேட் தூண்ல உரசுனாரு. மாத்திரைய ரெண்டு வாட்டி போட்டுக்குறாரு. இப்ப கியரும் கெடுத்துட்டாரு. நாளைக்கு ரோட்ல ஏதாவது ஆனா? நான் அங்க உக்காந்து டென்ஷன்ல சாவுறேன்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பக்கக் கண்ணாடி ஓரத்தில் அந்த உரசல் இன்னும் இருந்தது. அப்பாமேல் பாசம் இல்லாதவன் ஆட்டோமேட்டிக் கார் தேடி வாங்கிக் கொடுத்திருக்கமாட்டான். கண்ணன் பையிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு காருக்கு வந்தார். இன்னாசிமுத்து டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்திருந்தார். கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறவர் உட்காரும் விதம் அது. சாவியைப் போட்டு, பிரேக்கில் கால் வைத்து, ராடை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நேத்து உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன்" என்றார் கண்ணன். பானட்டின்மேல் துணியை விரித்தார். "மைனி, நீங்களும் பாருங்க. புஷ்ஷு தேயல. எலி கடிச்சிருக்கு. எலி ஏன் வந்துச்சு? இந்தப் பொரிக்கு வந்துச்சு. பொரி யாரு வச்சா? நான் வச்சேன். சந்தனம் பூசி, சூடம் காட்டி, எலிக்கு விருந்து வச்சேன். மும்பையில இத்தன கராஜ் இருக்கு, இப்படி ஒரு கோட்டிக்காரத்தனத்த என்னைத் தவிர ஒரு பய செஞ்சிருக்கமாட்டான்."

ஜோன்ஸ் குனிந்து துணியைப் பார்த்தான். பொரியைப் பார்த்தான். கண்ணனின் முகத்தைப் பார்த்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். தோள் குலுங்கியது. சவரியம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏசுவே, தம்பி" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இன்னாசிமுத்து மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நான் கெடுக்கலியா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி."

"ராட ஆட்டுனதுனால..."

"அதுனால ஒண்ணும் ஆகல. ஆயிரம் மட்டம் ஆட்டுங்க. நான் போன்ல சொன்னது பூராவும் சும்மா வாய்க்கொழுப்பு. வண்டியப் பாக்காமலே சொன்னேன்."

அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மாத்திர மறக்கேன், சாவிய எங்க வச்சேன்னு மறக்கேன். இப்ப வண்டி ஓட்டவும் மறந்துட்டேன்னு நெனச்சுட்டேன் கண்ணா" என்றார். "நாப்பது வருசம் செஞ்ச வேல. அதுவும் போயிட்டா நான் என்னத்துக்குன்னு இருந்துச்சு."

ஜோன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். அது சிரித்ததால் வந்த தண்ணீரா வேறெதுவுமா என்று சொல்லமுடியாது. கதவைத் திறந்து அப்பாவுக்குப் பக்கத்து ஸீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"சலோ பப்பா. ஒரு ரவுண்டு போலாம். நான் பாக்குறேன்" என்றான்.

இன்னாசிமுத்து சட்டைக் காலரைச் சரிசெய்தார். சாவியைத் திருப்பினார்.

சத்தமே இல்லை. மறுபடியும் திருப்பினார். கார் முக்கவுமில்லை, முனகவுமில்லை. ஜோன்ஸ் முகம் வாடிவிட்டது. சவரியம்மாள் கை ஜெபமாலையைத் தேடியது. இன்னாசிமுத்து வெளிறிப்போய் கண்ணனைப் பார்த்தார். கண்ணனுக்கோ அத்தனை பல்லும் தெரியச் சிரிப்பு வந்தது.

"அண்ணாச்சி, ராடு எங்க நிக்கி?"

அவர் குனிந்து பார்த்தார். டி-யில் நின்றது. பேசிக்கொண்டே ஆட்டியதில் அங்கே விட்டிருந்தார்.

"மறந்துட்டேன்" என்றார்.

"மறந்துட்டுப் போங்க. நேத்து நீங்க மறந்தப்ப வண்டி கண்ண மூடிட்டு ஸ்டார்ட் ஆயிட்டு. இன்னைக்கு மாட்டேன்னு நிக்கி. இப்பதான் அதுக்கு நல்ல புத்தி வந்துருக்கு. நீங்க மறந்தாலும் அது மறக்காது அண்ணாச்சி."

இன்னாசிமுத்து ராடை பி-க்குத் தள்ளினார். சாவியைத் திருப்பினார். இஞ்சின் பிடித்தது. அந்த மூன்று நாளில் அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

கார் மெல்ல நகர்ந்தது. கேட் தூணுக்கு அருகில் போகும்போது ஜோன்ஸ் டாஷ்போர்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்தது. தூணுக்கும் காருக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்து போகலாம், அவ்வளவு இடம் விட்டு இன்னாசிமுத்து வெளியே எடுத்தார். எதிரே டெம்போவில் வந்த பங்கார்காரனுக்கு ஜோன்ஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போய்விடு என்று சைகை காட்டினான்.

"அடுத்த ஆயுத பூசைக்கும் பொரி உண்டா தம்பி?" என்று சவரியம்மாள் கேட்டாள்.

"உண்டு மைனி. தட்டுலதான்" என்றார் கண்ணன்.

ரோட்டு முனையில் சிக்னல் விழுந்து கார் நின்றது. அவ்வளவு தூரத்திலிருந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அண்ணாச்சியின் கை இந்நேரம் ராடை நியூட்ரலுக்குத் தள்ளியிருக்கும் என்று கண்ணனுக்குத் தெரியும். தள்ளட்டும் என்று விட்டுவிட்டு, பானட்டிலிருந்து கீழே விழுந்து கிடந்த துணியை எடுத்து உதறினார்.